முதலில் வெளிச்சுவரைக் கழுவுங்கள், பெயின்ற் கதையைப் பிறகு பேசலாம்

மாரி ஓய்ந்து மாசி பிறக்கும்போது மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் எத்தனையோ வீடுகளின் வடக்குச் சுவர் பச்சையும் கறுப்புமாக நிற்கும். சித்திரைக்குள், திருவிழாவுக்குள், பெருநாளுக்குள் என்று நாள் குறித்துக்கொண்டு ஹாட்வெயார் கடைக்கு ஓடுவதுதான் வழக்கம். கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பச்சையில் பெரும்பகுதி பெயின்றின் மேல் படிந்தது. பெயின்ற் கெட்டுவிட்டது என்பதற்கு அது அடையாளமல்ல. பாசியும் உப்பும் தூசியும் போன பிறகு அடியில் நல்ல பெயின்ற் இருந்தால் இந்த வருடம் அந்தச் செலவே இல்லை. இல்லாவிட்டாலும் கழுவிய வேலை வீண்போகாது. கழுவாத சுவரில் எவ்வளவு விலை கூடிய பெயின்றை அடித்தாலும் அது பாசியில்தான் ஒட்டும், சுவரில் ஒட்டாது. அடுத்த வாடைக்காற்றுக் காலத்துக்குள் தோல் உரிவதுபோல் கழன்று வரும்.

எந்தச் சுவரை எப்போது

மழை கொட்டும் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து ஓடுகிறது. அதனால் வடக்குச் சுவருக்கு அந்த மூன்று மாதமும் வெயில் படுவதில்லை. மழையும் வடகிழக்கிலிருந்தே அடிக்கிறது. நனைந்த சுவர் காயாமல் நிற்பதால் பாசி முதலில் பிடிப்பது அங்கேதான். பங்குனிக் கடைசியிலிருந்து ஆவணி நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். வடக்குச் சுவர் உள்வரை காய்வது அப்போதுதான்.

ஆகவே கழுவும் வேலையை மாசி, பங்குனியில் செய்யலாம். பெயின்ற் அடிக்க வேண்டிவந்தால் வடக்குச் சுவரை மட்டும் வைகாசிக்குத் தள்ளி வையுங்கள். சித்திரைக்கு அடித்தே தீர வேண்டுமென்று வீட்டில் நின்றால் வெயில் படும் முன்பக்கத்தோடு நிறுத்துவது நல்லது. சொந்தக்காரர் யாரும் வீட்டின் பின்புறம் போய் நின்று பார்க்கப்போவதில்லை.

மேற்குச் சுவரின் கதை வேறு. வைகாசி முதல் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று காய்ந்த வயல்தூசியை அள்ளிக்கொண்டு வரும். நெல் ஆலைக்குப் பக்கத்து வீடென்றால் உமித்தூளும் கரியும் சேரும். இந்த அழுக்குக்கு மருந்து எதுவும் வேண்டாம், சவர்க்காரத் தண்ணீரே போதும். கடலைப் பார்த்த கிழக்குச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் இருக்கும். அதற்கு வேண்டியது நல்ல தண்ணீர்.

தண்ணீர் ஊற்றுவதற்கு முன் சுவரைப் படியுங்கள்

காய்ந்த சுவரில்தான் பல விஷயம் தெரியும். நனைத்த பிறகு எல்லாம் ஒரே நிறமாகிவிடும். ஒரு சோக்குத் துண்டும் பழைய ஐந்து ரூபாய்க் குற்றியும் எடுத்துக்கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள்.

முதலில் குற்றியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடவுங்கள். நல்ல பூச்சு இறுகிய சத்தம் தரும். கல்லிலிருந்து விட்டுப்போன பூச்சு பொக்கென்று கேட்கும். அந்த இடங்களைச் சோக்கால் வளைத்துக் குறியுங்கள். அங்கே தண்ணீரை வேகமாக அடித்தால் பூச்சுக்குப் பின்னால் தண்ணீர் போய் நிற்கும், சில வேளை பலகைபோல் பெயர்ந்தும் விழும்.

வெடிப்புகளை வங்கி அட்டையின் விளிம்பால் அளக்கலாம். அதன் தடிப்பு முக்கால் மில்லிமீற்றர். விளிம்பு உள்ளே போகாத மயிர் வெடிப்பைப் பெயின்ற் வேலையோடு அடைத்துக்கொள்ளலாம். விளிம்பு உள்ளே இறங்கினாலோ, வெடிப்பு படிக்கட்டுப்போல் கல் வரிகளைத் தொடர்ந்து ஓடினாலோ, அது மேசனாருக்குக் காட்ட வேண்டிய விஷயம்.

கறுப்புக் கறை பூஞ்சணமா அழுக்கா என்று பார்க்க, வெளுக்கும் பிளீச் ஒரு சொட்டை அதன்மேல் வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் நிறம் வெளிறினால் பூஞ்சணமோ பாசியோதான். மாறாமல் அப்படியே இருந்தால் அது தூசி, புகை, கரி. இந்த ஒரு சொட்டுச் சோதனையைச் செய்யாததால் கரிச்சுவருக்குப் போத்தல் போத்தலாகப் பிளீச் ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர்.

வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பா பூஞ்சணமா என்பதற்குத் தண்ணீர் ஒரு சொட்டு போதும். உப்பென்றால் கரைந்து மறையும், காய்ந்ததும் திரும்பித் தெரியும். நிலத்திலிருந்து முழங்கால் உயரம்வரை உப்புப் பூத்திருந்தால் மண்ணின் ஈரம் சுவர் வழியே மேலே ஏறுகிறது என்று பொருள். நடுச்சுவரில் திட்டாகப் பூத்திருந்தால் மேலே கூரைப் பீலியோ குழாயோ ஒழுகுகிறதா என்று பாருங்கள். கழுவாத கடல்மணலில் குழைத்துப் பூசிய சுவரிலும் உப்பு எங்கும் பரவலாக வரும்.

விரலை நனைத்துச் சுவரில் தேயுங்கள். வெள்ளையாகக் குழைந்து விரலில் வந்தால் அது சுண்ணாம்போ தூள் டிஸ்டெம்பரோ. அந்தச் சுவரைக் கழுவக் கூடாது, எல்லாம் கரைந்து வழியும். காய்ந்த தும்புத்தடியால் கூட்டித் துடைப்பதோடு விட்டு, பெயின்றுக்குப் போவதானால் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும்.

மண்நிறக் கோடாக அத்திவாரத்திலிருந்து மேலேறும் கறையான் புற்றைக் கழுவி அழித்துவிடாதீர்கள். எங்கே போய் முடிகிறது என்று தொடர்ந்து பார்த்துக் கறையானுக்குரிய வேலையை முதலில் முடியுங்கள். புற்று போனால் வழி தெரியாது, கறையான் மட்டும் உள்ளேயே இருக்கும்.

கைக்கு எடுக்க வேண்டியவை

நீளக் கைபிடித் தும்புத்தடி, நைலோன் தும்புப் பிறஷ் ஒன்று, பிளாஸ்ரிக் சுரண்டி, பிளாஸ்ரிக் வாளி மூன்று, ஹோஸ் குழாய், சலவைத்தூள், பிளீச், இறப்பர் கையுறை, கண்ணை மூடும் கண்ணாடி, பழைய நீளக்கைச் சட்டை, பொலித்தீன், ஒட்டும் ரேப். கம்பிப் பிறஷ் வேண்டாம். அதன் கம்பித் துண்டுகள் பூச்சில் சிக்கி, அடுத்த மழைக்குத் துருப்புள்ளிகளாக முளைக்கும்.

தெளிப்பதற்கு 5 லீற்றர் கைத்தெளிப்பான் புதிதாக வாங்குங்கள். வயலுக்கு மருந்தடிக்கும் தாங்கி வீட்டில் சும்மாதானே கிடக்கிறது என்று அதை எடுக்கக் கூடாது. அதில் ஒட்டியிருக்கும் களைநாசினியும் பூச்சிமருந்தும் குடியிருக்கும் சுவரில் படும். பிளீச்சோடு சேர்ந்தால் கேடான ஆவியும் வரலாம்.

கிணற்றுத் தண்ணீர் சவராக இருந்தால், அதாவது சவர்க்காரம் நுரைக்காவிட்டால், தேய்த்துக் கழுவ அதைப் பயன்படுத்தலாம். கடைசி அலசலுக்கு மட்டும் குழாய்த் தண்ணீர் எடுங்கள். உப்பைக் கழுவப் போய் உப்பைப் பூசிவிட்டு வந்ததாக ஆகிவிடக் கூடாது. சுவரில் தங்கும் உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் அதைத் தேய்ப்பது, சுரண்டுவது, வேகத்தண்ணீர் அடிப்பது எதுவும் கூடாது. அதிலிருந்து கிளம்பும் நுண்ணிய நார்த்தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. சுவரின் மேல்வரியைக் கழுவும்போது சீற்றின் ஓரத்தில் தண்ணீர் அடிக்காமல் மேலிருந்து கீழ்நோக்கியே பிடியுங்கள்.

பெயின்றில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி இலங்கையில் 2013இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பழைய எனாமல் யன்னல், கிறில், கதவு நிலைகளில் உரியும் பெயின்றைக் காயவைத்துத் தேய்க்காதீர்கள். நனைத்துச் சுரண்டி, விழுந்த துண்டுகளைப் பொலித்தீன் விரிப்பில் சேர்த்து எடுங்கள். பிள்ளைகளும் கோழிகளும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளி லைற், பிளக், மீற்றர்ப் பெட்டி எல்லாவற்றையும் பொலித்தீனால் மூடி ரேப் ஒட்டி, மெயின் சுவிச்சை இறக்கிவிட்டு வேலை தொடங்குங்கள். தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயர் மெயினை இறக்கினாலும் உயிரோடுதான் இருக்கும். அதற்குக் கிட்ட அலுமினிய ஏணியைக் கொண்டுபோகக் கூடாது. ஏணியின் மேல்முனை 12 அடி உயரத்தில் சாய்ந்தால் அடி சுவரிலிருந்து 3 அடி தள்ளி நிற்க வேண்டும். நம் பக்கத்து மணல் நிலத்தில் ஏணிக்கால் ஒன்று மட்டும் புதைந்து சரிவது அடிக்கடி நடக்கிறது. காலுக்கடியில் அகலமான பலகை ஒன்று போடுங்கள், கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

கிணறு சுவருக்குக் கிட்ட இருந்தால் மூடுங்கள். செடி, வெற்றிலைக் கொடி, மல்லிகைப் பந்தலுக்கு முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றி நனைத்து வையுங்கள். நனைந்த இலையில் படும் பிளீச் நீர்த்துப்போகும்.

கழுவும் முறை

1. காய்ந்த சுவரை மேலிருந்து கீழாகக் கூட்டுங்கள். சிலந்தி வலை, குளவிக்கூட்டு மண், காகத்தின் எச்சம், வயல்தூசி எல்லாம் இதிலேயே பாதி போகும். உப்புப் பூத்த இடத்தை இப்போதே காய்ந்த பிறஷால் தேய்த்து, விழும் தூளைக் கூட்டி அள்ளி வெளியே போடுங்கள். முதலில் தண்ணீரை ஊற்றினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். கனமாகத் தடித்த பாசியையும் பிளாஸ்ரிக் சுரண்டியால் இப்போதே வழித்தெடுங்கள்.

2. ஒரு தடவைக்கு ஆறு, எட்டு அடி அகலமே எடுங்கள். காலையில் மேற்குச் சுவர், பின்னேரம் கிழக்குச் சுவர் என்று நிழலைத் தொடர்ந்து போங்கள். வெயில் சுடும் சுவரில் சவர்க்காரமும் பிளீச்சும் வேலை செய்வதற்கு முன்பே காய்ந்து கோடு கோடாக நிற்கும்.

3. அந்தத் துண்டைக் கீழிருந்து மேலாக நனையுங்கள். பிறகு 10 லீற்றர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சலவைத்தூள் கரைத்து, அதையும் கீழிருந்து மேலாகவே பிறஷால் தேயுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த கீழ்ச்சுவரில் வழிந்து அரித்த தடம் விடும், அந்தத் தடம் பிறகு இலேசில் போகாது. தூளை அள்ளிப் போடுவதால் சுவர் கூடுதலாக வெளுக்காது. அலசிப் போகாத சவர்க்காரம் பின்னால் பெயின்றை ஒட்டவிடாது, அவ்வளவுதான் மிச்சம்.

4. அலசுங்கள், இது மேலிருந்து கீழாக. தூசிச் சுவருக்கு இத்தோடு வேலை முடிந்தது. பாசி, பூஞ்சணம் உள்ள சுவருக்கு மட்டும் அடுத்த படி.

5. ஒரு பங்கு வீட்டுப் பிளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர். போத்தலில் 5 சதவீதம் அளவில் போட்டிருக்கும் சாதாரணப் பிளீச்சுக்கு இந்தக் கணக்கு. பிளீச் கிடைக்காவிட்டால் வெள்ளத்துக்குப் பின் கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளைப் பயன்படுத்தலாம். பொதியில் 65 முதல் 70 சதவீதம் என்றிருந்தால் 5 லீற்றருக்கு 80 கிராம், 30 முதல் 35 சதவீதம் என்றிருந்தால் 160 கிராம். தண்ணீரில் தூளைப் போட வேண்டும், தூளின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. பிளாஸ்ரிக் வாளியிலேயே கலக்கி, அடியில் வெள்ளை மண்டி இறங்கிய பிறகு மேலேயுள்ள தெளிந்ததை மட்டும் தெளிப்பானில் ஊற்றுங்கள். மண்டி குழாய்முனையை அடைத்துவிடும். கலந்ததை அன்றைக்கே முடியுங்கள், அடுத்த நாளுக்கு வேகம் இருக்காது.

6. கீழிருந்து மேலாகத் தெளித்து 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். அதுவரை சுவர் ஈரமாகவே இருக்க வேண்டும், காயத் தொடங்கினால் இன்னொரு தெளிப்பு. பச்சை வெளிறி மஞ்சளாகி மறைவது கண்முன்னே தெரியும். நைலோன் பிறஷால் ஒருமுறை தேய்த்து, வழியும் தண்ணீர் நுரையும் வாசமும் இல்லாமல் வரும்வரை அலசுங்கள். அலுமினிய யன்னல், கிறில், பீலி ஆணிகளையும் சேர்த்து அலச மறக்க வேண்டாம், பிளீச் உலோகத்தை அரிக்கும். செடிகளுக்கும் இன்னொரு வாளித் தண்ணீர்.

7. ஓரிரு நாள் கழித்துப் பாருங்கள். வெட்டு, மூலை, யன்னல் அடிப்பகுதியில் பச்சை மிச்சமிருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் ஐந்தாம், ஆறாம் படிகளைத் திருப்பிச் செய்யுங்கள்.

இதில் ஒரு விஷயத்தில் மட்டும் சமரசம் கிடையாது. மலசலகூடம் கழுவும் அமிலம், வினாகிரி, தேசிக்காய்ச் சாறு, அமோனியா எதையும் பிளீச்சோடு சேர்க்கக் கூடாது. ஒரே வாளியில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகவும் ஊற்றக் கூடாது. அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூச்சு முட்டினால் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் காற்றோட்டமான இடத்துக்கு விலகுங்கள், இருமல் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மெசின் எடுத்தால்

தண்ணீரை அழுத்தத்தோடு பீச்சும் பிறெஷர் வோஷரை வாடகைக்கு எடுப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. வேலை சீக்கிரம் முடியும், சுவரும் சீக்கிரம் கெடும். சீமெந்துப் பூச்சுக்கு 100 பார் அழுத்தத்துக்கு மேல் வேண்டாம். தண்ணீர் விசிறிபோல் விரியும் முனையைப் போட்டு, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் பிடியுங்கள். ஊசிபோல் பாயும் முனை பூச்சில் கோடு கீறும். கூரைக்கடியில் மேல்நோக்கியும், வெடிப்பின் வழியாகவும், யன்னல் விளிம்பிலும் அடித்தால் தண்ணீர் வீட்டுக்குள் வந்துசேரும். சோக்குக் குறியிட்ட பொக்குப் பூச்சுக்கும், பூசாமல் விட்ட சீமெந்துக்கல் சுவருக்கும் மெசின் ஆகாது. பாசியை மெசினால் மட்டும் அடித்தகற்றினால் மேலே தெரிவது போகும். வேர்போல் பூச்சுத் துளைக்குள் இருப்பது சாகாது, அடுத்த மாரிக்கு முன்பே தலைகாட்டும். பிளீச் போட்டு விட்டுப் பிறகு அலச மட்டும் மெசினை எடுப்பதுதான் புத்தி.

போகாத கறைகள்

யன்னல் கிறிலுக்குக் கீழே வழிந்த துருக்கறையைப் பிளீச் தொடாது, சில வேளை இன்னும் அழுத்தமாக்கும். பிளீச் முழுக்க அலசிப்போன மறுநாள் தேசிக்காய்ச் சாற்றைத் தடவிச் சில நிமிடம் விட்டுத் தேய்த்துக் கழுவலாம். சின்னக் கறைக்குத்தான் இது சரி. அமிலம் சீமெந்தைத் தின்னும் என்பதால் பெரிய கறையோடு போராடாதீர்கள். கிறிலின் துருவை நிறுத்தாதவரை கறை திரும்ப வந்துகொண்டே இருக்கும். விறகடுப்புக் குசினியின் வெளிச்சுவர்க் கரியை முதலில் காய்ந்த துணியால் துடைத்து, பிறகு இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். எண்ணெய் கலந்த பழைய கரி முழுதாகப் போகாது. அந்த இடத்துக்குப் பெயின்ற் அடிக்கும் நாளில் கறையடைக்கும் எண்ணெய்ப் பிறைமர் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு தடவை அடித்த பெயின்றுக்கு மேலாலும் மஞ்சளாக ஊறி வரும்.

காயவிட்டு, மறுபடி பாருங்கள்

நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் விடுங்கள், மப்பும் மழையுமாக இருந்தால் ஒரு கிழமை. ஈரம் போய்விட்டதா என்பதில் சந்தேகமென்றால் ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் ரேப்பால் இறுக ஒட்டி ஒரு நாள் விட்டு எடுங்கள். உட்புறம் வியர்த்திருந்தாலோ அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ சுவருக்குள் இன்னும் தண்ணீர் இருக்கிறது. நான்கு நாள் வெயிலுக்குப் பிறகும் அப்படியே இருந்தால் அது நீங்கள் கழுவிய தண்ணீரல்ல. ஒழுக்கைத் தேடுங்கள்.

காய்ந்த சுவரைக் கறுப்புத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் இலேசாகத் தூள் தெரிவது வயதின் அடையாளம், அதற்காகப் பெயின்ற் அடிக்க வேண்டியதில்லை. துணி வெள்ளையாகிப்போனால் பெயின்றின் பசை வெயிலில் தீர்ந்துவிட்டது. அதன்மேல் நேரடியாக அடிக்கும் புதுப்பெயின்றும் தூளில்தான் ஒட்டும், ஆகவே சுவருக்கு இறங்கிப் பிடிக்கும் பிறைமர் முதலில்.

அடுத்தது ரேப் சோதனை. பிளேட்டால் பெயின்றில் பெருக்கல் குறிபோல் இரண்டு அங்குலக் கீறல் போட்டு, அதன்மேல் ரேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கீறலின் ஓரத்தில் தூசளவு வந்தால் பெயின்ற் நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. தகடாக வந்தால் அந்தச் சுவரில் பழையதைச் சுரண்டாமல் புதியதை அடிப்பதில் பயனில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மூன்று இடத்தில் செய்யுங்கள், நான்கு சுவரும் ஒரே மாதிரி இருப்பது அபூர்வம்.

இந்த மூன்றிலும் தேறி, நிறமும் மூலைக்கு மூலை பெரிதாக மாறாமல் இருந்தால் அந்தச் சுவரை விட்டுவிடுங்கள். மயிர் வெடிப்புகளை மட்டும் அடைத்துக்கொள்ளலாம். ஒரு சுவர் மட்டும் தோற்றால் அந்தச் சுவரை மட்டும் அடியுங்கள், ஆனால் மூலையிலிருந்து மூலை வரை. அதே ரின், அதே இலக்கம் என்றாலும் வெயிலில் வெளிறிய சுவரின் நடுவே போடும் ஒட்டு தூரத்திலிருந்தே தெரியும். பொக்குப் பூச்சை உடைத்துப் புதிதாகப் பூசியிருந்தால் அந்த இடம் 28 நாள் காய வேண்டும்.

முழங்கால் உயர உப்பு ஈரம் உள்ள சுவருக்குப் பெயின்ற் மருந்தே அல்ல. இறுக்கமான பெயின்றால் மூடினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறி அங்கே கொப்புளிக்கும். சுவரோரம் குவிந்த மணலை அத்திவாரத்தின் மேல்விளிம்புக்குக் கீழே வரும்வரை வெட்டி எடுங்கள். தாவாரத் தண்ணீர் விழும் இடத்தில் இரண்டடி அகலத்துக்குச் சல்லி போட்டால் மண் தெறிப்பதும் நிற்கும். பீலியின் இலைகுழையை ஐப்பசிக்குள் அள்ளி, கீழ்க்குழாய்த் தண்ணீர் சுவரைவிட்டு விலகி ஓட வழி வெட்டுங்கள். ஒரு மாரி கழித்து அந்த உப்புக்கோடு இறங்கியிருக்கிறதா என்று இப்போது அளந்து எழுதிவைத்த உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அந்தச் சுவருக்கு மேசனாரா பெயின்றரா என்று முடிவெடுங்கள்.